கண்ணாடியைக் கழற்றுமுன்: லேசர் சிகிச்சை பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் பிள்ளைகளின் கிட்டப்பார்வை பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் பிள்ளைகளைப் பற்றிப் பேசவே இல்லை. எழுதிய அப்பா அம்மாக்களும் அண்ணன் அக்காக்களும் "கண்ணாடியை விட்டுவிட எனக்கு லேசர் செய்யலாமா" என்றுதான் கேட்டிருந்தார்கள். சரி, இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே. நான் கண் டாக்டர் இல்லை, கண் பிரிவில் பல வருடம் தாதியாக இருந்தவள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளை எல்லாம், சொட்டு மருந்து விடும்போது மெதுவாக என்னிடம்தான் கேட்பார்கள். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம். உங்கள் கண்ணை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. இரண்டு கண்ணிலும் பவர் 550 டிகிரி (அதாவது மைனஸ் 5.5), தொடக்கநிலை இரண்டிலிருந்தே கண்ணாடி. லேசர் செய்யப் பணம் சேர்த்துவிட்டேன். ஆனால் இணையத்தில் தேடினால் ஒருவர் "ஐந்து நிமிடத்தில் புது வாழ்க்கை" என்கிறார், அடுத்தவர் வருடக்கணக்கில் கண் எரிச்சலோடு அவதிப்படுவதாக எழுதுகிறார். அம்மா "கண்ணோடு விளையாடாதே, பார்வை போய்விடும்" என்கிறார். உண்மையில் எவ்வளவு ஆபத்து? — பிரவீன், ஈசூன்

பதில்: பிரவீன் தம்பி, பார்வை அடியோடு போவது மிக மிக அரிது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை எல்லாம் அந்தப் பயத்தோடுதான் படிப்பீர்கள். அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கண்ணில் எந்த அறுவை செய்தாலும் கிருமி தொற்ற வாய்ப்பு உண்டு. லேசிக் என்ற லேசர் முறைக்குப் பிறகு அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது, வந்ததும் ஓடிப்போய்க் காட்டினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர்களுக்குத்தான் சேதம்.

லேசர் ஒளி கண்ணைத் துளைத்துக்கொண்டு பின்னால் போய்விடுமோ என்று பலருக்கு உள்ளூரப் பயம். போகாது. பெரும்பாலும் பவரைச் சரிசெய்வது எக்சைமர் லேசர், 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அந்தக் கருவிழியின் மேல்பரப்பே அதை முழுதாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பும் ஏறக்குறைய கால் மைக்ரான் திசுவைத்தான் எடுக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), பக்கத்துத் திசு வெந்துபோகாது. திசுவை இப்படிச் சுடாமல் செதுக்கலாம் என்று 1981இல் கண்டவர்கள் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்த மூன்று பேர். அவர்களில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்களாம்! நடுவில் கண் அசைந்தாலும் கருவி அதைப் பின்தொடரும், ரொம்ப அசைந்தால் தானே நின்றுவிடும். இமையைத் திறந்து பிடிக்கக் கவ்வி வைப்பார்கள், அதனால் கண் சிமிட்டிவிடுவோமோ என்ற கவலையும் வேண்டாம்.

செய்யும் முறை மூன்று. லேசிக்கில் கருவிழியின் மேல் அடுக்கை மெல்லிய மடலாக வெட்டி, தோசையை ஓர் ஓரம் கல்லில் ஒட்டியபடியே தூக்கிப் பார்ப்போமே, அதுபோலத் திருப்பிவைத்து, அடியில் லேசர் செலுத்தி, மடலை மறுபடி மூடிவிடுவார்கள். மறுநாளே பார்வை தெளிவாகிவிடும். பிஆர்கேயில் மடல் கிடையாது, மேல்தோலை நீக்கிவிட்டு நேரே லேசர். மூன்று நான்கு நாள் நல்ல வலி, பார்வை நிலைக்கச் சில வாரம் ஆகும், ஆனால் மடல் தொடர்பான எந்தப் பிரச்சினையும் பிற்காலத்தில் வராது. ஸ்மைல் முறையில் கருவிழிக்குள்ளேயே ஒரு சின்ன வில்லையை ஃபெம்டோசெகண்ட் என்ற வேறு வகை லேசரால் வெட்டி, சில மில்லிமீட்டர் துளை வழியாக வெளியே எடுப்பார்கள். விளம்பரத்தில் இப்போது அதிகம் பார்ப்பது இதைத்தான். நரம்பு குறைவாக வெட்டுப்படுவதால் முதல் சில மாதம் கண் உலர்வது குறைவு, நீண்ட நாள் பார்வையில் லேசிக்கைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை, பவர் கொஞ்சம் மிஞ்சினால் மறுபடி திருத்துவது லேசிக்கைவிடச் சிரமம்.

இப்போது உண்மையான தொந்தரவுகள். முதலாவது உலர்கண். கருவிழி நரம்புகள் வெட்டுப்படும்போது "கண்ணீர் சுர" என்று சொல்லும் சமிக்ஞை குறைந்துபோகிறது. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் திரையைப் பார்த்து உட்காரும் நம் ஊர் அலுவலக வாழ்க்கை அதற்கு உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இரவில் விளக்கைச் சுற்றி வளையம், கதிர் கதிராகச் சிதறல், கூச்சம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, லேசிக் செய்தவர்களிடம் நடத்திய ப்ரௌல் ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. அறுவைக்கு முன் இப்படி எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்றாவது மாதத்தில் ஏதாவது ஒரு புதுத் தொந்தரவு இருப்பதாகச் சொன்னார்கள். முன்பு உலர்கண் இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை மூன்றாவது மாதத்தில் கண் உலர்வதாகச் சொன்னார்கள். ஆனால் பார்வைத் தொந்தரவால் அன்றாட வேலையே பெரிய பாடாகிவிட்டது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பார்வையில் திருப்தி என்றவர்கள் 95 சதவீதத்துக்கு மேல். நீங்கள் இணையத்தில் படித்த இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வளையம் தெரிகிறது, ஆனால் காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தடவித் தேட வேண்டாம், அது போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

வருடக்கணக்கில் எரிச்சல் என்று எழுதியவருக்கு இருப்பது கருவிழி நரம்பு வலியாக இருக்கலாம். வெட்டுப்பட்ட நரம்பு தாறுமாறாக ஆறி, மேலே பார்த்தால் கண் நன்றாக இருந்தும் உள்ளே வலித்துக்கொண்டே இருப்பது. அரிது, ஆனால் கட்டுக்கதை இல்லை, சிகிச்சையும் எளிதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே உடம்பில் வேறு எங்காவது தீராத வலி, அடிக்கடி ஒற்றைத் தலைவலி என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லலாம். காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டே இருப்பதும் ஆபத்தில்லாத வழி இல்லை. 2005, 2006இல் இதே சிங்கப்பூரில் லென்ஸ் போட்டவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தொற்றி, 60க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஒரு லென்ஸ் கரைசலோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மூக்குக் கண்ணாடிதான், அதற்கு ஈடு எதுவும் கிடையாது.

உங்கள் 550 டிகிரி சாதாரணமாகச் செய்யக்கூடிய அளவுதான். ஆனாலும் பாதுகாப்பு என்பது எந்தக் கருவி, எந்தப் புதுப் பெயர் என்பதில் இல்லை, உங்கள் கண் இதற்குத் தோதானதா என்று முன்கூட்டியே பார்க்கும் பரிசோதனையில்தான் முக்கால்வாசி இருக்கிறது. அரை மணி நேரத்தில் "எல்லாம் ஓகே, இன்று முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று சொல்லும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 28 வயது, உங்களைப் போல நானும் தாதிதான், இரவுப் பணியும் உண்டு. பவர் 900 டிகிரி. ஓரிடத்தில் கருவிழித் தடிமன் 490 மைக்ரான்தான், வடிவத்திலும் சந்தேகம், லேசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அழுகையே வந்துவிட்டது. இன்னோர் இடத்தில் "செய்யலாம்" என்கிறார்கள். யாரை நம்புவது? — பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

பதில்: தங்கச்சி, முடியாது என்று சொன்னவர்களுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு வருமானத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், தாதிக்குக் கணக்கு பயமில்லை. சராசரிக் கருவிழி நடுவில் சுமார் 540 மைக்ரான். ஒவ்வொரு 100 டிகிரிக்கும் லேசர் தோராயமாக 14 மைக்ரான் செதுக்கும், கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். லேசிக் மடல் 110 என்று வையுங்கள். உங்கள் 490இல் மடல் 110 போக, 900 டிகிரிக்கு 126 போக, மிஞ்சுவது 254. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி, 300 வேண்டும் என்று பல டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பார்ப்பவர்களும் உண்டு, உங்களுக்கு அது 48. ஈசூன் தம்பிக்குச் சராசரித் தடிமன் இருந்தால் 350 மைக்ரானுக்கு மேல் மிஞ்சும், அவர் கதை வேறு.

அளவுக்கு மீறி மெலிந்த கருவிழி, கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கமுடியாமல் மெல்ல மெல்ல முன்னால் புடைக்கும். எக்டேசியா என்பார்கள். செய்த அன்று தெரியாது, சில மாதத்திலோ சில வருடத்திலோ பார்வை கலங்கத் தொடங்கும், கண்ணாடி போட்டாலும் தெளியாது. லேசர் சிகிச்சையில் நான் உண்மையாகவே பயப்படுவது இது ஒன்றுக்குத்தான், மற்றவை பெரும்பாலும் ஆறும், இது ஆறாது.

"வடிவத்திலும் சந்தேகம்" என்பது எனக்குத் தடிமனைவிடப் பெரிய விஷயம். கெரட்டோகோனஸ் என்று ஒன்று, கருவிழி தானாகவே கூம்பாகிக்கொண்டு வருவது, ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது, கருவிழியின் வடிவத்தை அளக்கும் வரைபடம் எடுத்தால்தான் தெரியும். இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளில் தெற்காசிய வம்சாவளியினருக்கு இது வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. நம் ஆட்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணைக் கசக்கும் பழக்கம் அதைத் தூண்டும், வீட்டுத் தூசியால் ஒவ்வாமை இருந்து நாள் முழுக்கக் கண்ணைத் தேய்ப்பவர்களை இங்கே எவ்வளவோ பார்க்கலாம். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்ததும் இரண்டு கையாலும் தேய்ப்பது சுகம்தான், தெரியும்.

இரண்டாவது இடத்தில் எந்த முறையில் செய்யலாம் என்கிறார்கள்? மடல் இல்லாத பிஆர்கே என்றால் தடிமன் கணக்கு ஓரளவு ஒத்துவரும், ஆனால் 900 டிகிரிக்கு அதில் கருவிழி மங்கும் வாய்ப்பு கூடுதல். வடிவம் சரியில்லை என்றால் எந்த லேசரும் வேண்டாம். முதல் இடத்தில் எடுத்த வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. அதை எடுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு கருவிழி நிபுணரிடம் போங்கள், சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்திலோ வேறு பொது மருத்துவமனையிலோ பார்க்கலாம். பவர் அதிகம், கருவிழி மெலிசு என்பவர்களுக்கு ஐசிஎல் என்று ஒரு வழி இருக்கிறது. கண்ணுக்குள், கண்மணியைச் சுற்றி நிறத்தோடு தெரியும் கருந்திரைக்குப் பின்னால் ஒரு மெல்லிய லென்ஸை வைப்பார்கள், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். விலை கூடுதல், கண்ணுக்குள்ளேயே போகும் அறுவை என்பதால் புரை, கண் அழுத்தம், உள்தொற்று என்று அதன் ஆபத்துகள் வேறு வகை, வருடாவருடம் பரிசோதனைக்கும் போக வேண்டும்.

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். மகப்பேற்று விடுப்பு முடிவதற்குள் லேசர் செய்துவிடலாமா? — கவிதா, பொங்கோல்

பதில்: வேண்டாம் கவிதா. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் ஹார்மோன் மாற்றத்தால் பவரும் கருவிழியும் மாறும், கண்ணும் உலரும். பால் நிறுத்திச் சில மாதம் கழித்துப் பவரை அளந்துபார்த்துவிட்டு யோசியுங்கள், இப்போது கிடைக்கிற நேரத்தில் தூங்குங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. தேசிய சேவைக்குப் போகும் முன் லேசர் செய்துவிட்டால் கண்ணாடித் தொல்லை இருக்காது என்கிறான். போன வருடம் 300, இந்த வருடம் 375 டிகிரி. சிலம்பமும் ஆடுகிறான். — ஒரு தாய், சுவா சூ காங்

பதில்: அம்மா, பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரே வருடத்தில் 75 டிகிரி ஏறியிருக்கிறது. குறைந்தது ஒரு வருடமாவது 50 டிகிரிக்கு மேல் மாறாமல் நின்றால்தான் செய்வார்கள். இன்று 375ஐ எடுத்துவிட்டாலும் கண் வளர்வது நிற்காது, சேவை முடித்து வரும்போது மறுபடி கண்ணாடி வந்து நிற்கும். 18 வயதிலேயே செய்யலாம் என்றாலும் 21க்குமேல் என்பதுதான் பெரும்பாலோருக்குப் பொருத்தம்.

சேவையைப் பற்றி: லேசரோ ஐசிஎல்லோ, எதைச் செய்வதாக இருந்தாலும் முன்கூட்டியே தேசிய சேவைக்குப் பதிவு செய்யும் சிஎம்பிபியிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் மருத்துவப் பரிசோதனையில் அதைச் சொல்லியாக வேண்டும். அதுவரை கண்ணாடியோடு எத்தனையோ ஆயிரம் பையன்கள் காட்டில் புரண்டு வந்திருக்கிறார்கள், உங்கள் மகனும் வருவான்.

சிலம்பம் என்றதும் எனக்கு மடல்தான் நினைவுக்கு வருகிறது. லேசிக் மடல் மேலே ஒட்டிக்கொள்ளுமே தவிர முன்பிருந்த உறுதி திரும்புவதில்லை, கம்பு நேராகக் கண்ணில் பட்டால் வருடங்கள் கழித்துக்கூட நகரலாம். குத்துச்சண்டை, சிலாட், சிலம்பம் என்று இருப்பவர்கள் பிஆர்கே அல்லது ஸ்மைல் பற்றிக் கேட்பது நல்லது. அப்புறம், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறானா என்று பாருங்கள். அது கண்ணை உலரவைக்கும், பையன்கள் அதை மருந்து என்றே கணக்கில் வைத்துச் சொல்வதில்லை.

கேள்வி: எனக்கு 44 வயது, 300 டிகிரி. கைப்பேசி படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன், தூரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். இந்தக் கழற்றுவதும் போடுவதுமே வேலையாகிவிட்டது. லேசர் செய்தால் ஒரேயடியாக விடுதலை கிடைக்குமா? — மல்லிகா, செங்காங்

பதில்: கிடைக்காது மல்லிகா. உங்கள் வயதில் இதைச் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டால் அது ஏமாற்று என்றே சொல்வேன்.

நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய்க் கிட்டத்தில் குவியமுடியாமல் போகிறது. வெள்ளெழுத்து. கிட்டப்பார்வை இருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்றினால் கிட்டத்தில் நன்றாகத் தெரியும், உங்களுக்கு இருக்கும் அந்த வசதி மற்றவர்களுக்கு இல்லை. லேசரில் 300 டிகிரியையும் எடுத்துவிட்டால் எம்ஆர்டி ரயில் நிலையப் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரியும், கையில் இருக்கும் கைப்பேசி தெரியாது, அதற்குப் படிக்கும் கண்ணாடி வாங்க வேண்டும்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கொஞ்சம் கிட்டத்துக்கும் விட்டுவைக்கும் மோனோவிஷன் என்ற ஏற்பாடு உண்டு. சிலருக்கு அருமையாகப் பழகிவிடும், சிலருக்குத் தலை சுற்றும், படி இறங்கும்போது ஆழம் பிடிபடாது. நேராக லேசருக்குப் போகாமல் ஒரு வாரம் காண்டாக்ட் லென்ஸில் அதே ஏற்பாட்டைப் போட்டுப் பாருங்கள். அலுவலகத்திலும் சமையலறையிலும் சந்தையிலும் ஒத்துவந்தால் மேலே பேசலாம். இல்லையென்றால் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றிலேயே பார்க்கும் புரோகிரஸிவ் கண்ணாடி ஒன்று நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீபாவளிக்குப் பத்து நாள் சென்னை போகிறேன். அங்கே லேசிக் இங்கே ஆவதைவிட நிறைய மலிவு. விமான டிக்கெட்டோடு சேர்த்தாலும் லாபம். மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் எடுக்கமுடியாது என்கிறார்களே, அப்படியானால் ஏன் இங்கே செய்ய வேண்டும்? — சரவணன், தெம்பனிஸ்

பதில்: கண்ணாடிக்குப் பதிலாகச் செய்துகொள்வது அவரவர் விருப்பம் என்று கருதப்படுவதால் மெடிசேவ் பொதுவாகக் கிடைக்காது, உண்மைதான். பணத்தைக் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சென்னை டாக்டர்களின் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, ஒரு நாளில் அவர்கள் பார்க்கும் கண்களின் எண்ணிக்கை அப்படி. ஜொகூருக்குப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், கேள்வி அறுவையைப் பற்றியது இல்லை, அதற்கு முன்னும் பின்னும் பற்றியது. பரிசோதனைக்கு முன் மென்மையான காண்டாக்ட் லென்ஸை ஒன்று இரண்டு வாரமும் கடினமான லென்ஸை அதைவிட நீண்ட நாளும் கழற்றிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவிழி அமுங்கியே இருந்து அளவெல்லாம் பிழையாகும். இறங்கிய மறுநாள் பரிசோதனை, அதற்கு மறுநாள் அறுவை என்று போகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். பின்னால், மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் மடலுக்குக் கீழே அழற்சி வந்தால் அதே நாளில் சொட்டு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது நீங்கள் தெம்பனிஸிலும் டாக்டர் சென்னையிலும் இருந்தால்? வேறொருவர் செய்த கண்ணை இங்கே புதிதாக ஒருவர் பார்க்கத்தான் செய்வார், ஆனால் விவரம் எதுவும் கையில் இருக்காது. பவர் மிஞ்சினால் மறுதிருத்தம் இலவசம் என்பார்கள், டிக்கெட் யார் தருவது?

அதிலும் தீபாவளிக்கு! தலைக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, அது கண்ணில் வழிந்து, பட்டாசுப் புகையில் நின்று... அறுவை முடிந்த கண்ணுக்கு இதைவிடக் கெட்ட வாரம் ஒன்றைத் தேடிப் பிடிக்கமுடியாது. நெற்றியில் தாராளமாகப் பூசும் விபூதி கண்ணில் உதிர்வதுகூட முதல் வாரங்களில் ஆகாது. நீச்சல் குளம், கடல் எல்லாம் சில வாரத்துக்குக் கிடையாது. போக வேண்டும் என்றே முடிவு செய்தால் பண்டிகை இல்லாத நேரமாக, குறைந்தது மூன்று வாரம் தங்கும்படி போங்கள், எழுத்தில் முழு அறிக்கையை வாங்கி வாருங்கள். இங்கே செய்வதாக இருந்தால் டாக்டர் கண் நிபுணராகப் பதிந்தவரா என்று சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். சொல்லும் விலையில் ஜிஎஸ்டி, சொட்டு மருந்து, பின்பரிசோதனை, மறுதிருத்தம் எல்லாம் அடக்கமா என்றும் கேளுங்கள், பாதி விலை வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், 35 வயது. லேசிக் செய்து இரண்டு மாதம். பகலில் பிரமாதம். இரவில் விரைவுச்சாலையில் எதிரே வரும் விளக்கெல்லாம் பூசணிப் பூ மாதிரி விரிகிறது. போய்க் கேட்டால் "நார்மல்தான்" என்று அனுப்பிவிடுகிறார்கள். — அசோக், ஜூரோங்

பதில்: அசோக், இரண்டு மாதத்தில் இப்படி இருப்பது அதிசயம் இல்லை, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் பலருக்குக் குறைந்துவிடும். ஆனால் "நார்மல்" என்ற ஒரு சொல்லோடு உங்களை அனுப்பியது சரியில்லை, அதுவும் இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவரை. மறுபடி போய் மூன்று கேள்வி கேளுங்கள். மிச்சப் பவர் அல்லது சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததால் வருவது) எவ்வளவு இருக்கிறது? கண்ணீர் போதுமான அளவு இருக்கிறதா? கண்ணீர்ப் படலம் உடைந்தால் விளக்கு விரியும், பதப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர் விட்டாலே சிலருக்குப் பாதி சரியாகும். இருட்டில் உங்கள் கண்மணி எவ்வளவு விரிகிறது, லேசர் செதுக்கிய வட்டம் அதற்குப் போதுமா? மிச்சம் 50 டிகிரிதான் என்றாலும் இரவுக்கு மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். குளிர்காற்றுத் துவாரத்தை முகத்திலிருந்து திருப்பிவிடுங்கள். முடிந்தால் கொஞ்ச நாள் பகல் ஓட்டத்துக்கு மாறுங்கள், வருமானம் குறையும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஆறு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் அறிக்கையோடு வேறொரு நிபுணரைப் பாருங்கள், அவசரப்பட்டு மறுதிருத்தத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 2004இல் லேசிக் செய்தேன், அப்போது 800 டிகிரி. இப்போது 52 வயது. கண்ணாடி இல்லாமல் நன்றாக இருக்கிறேன். இனி கண் பரிசோதனையே தேவையில்லைதானே? — நாதன், அங் மோ கியோ

பதில்: தேவை அண்ணே, மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதலாகவே தேவை. லேசர் கருவிழியின் வளைவை மாற்றியதே தவிர, 800 டிகிரிக்கு நீண்டுபோன கண் அப்படியே நீளமாகத்தான் இருக்கிறது. உள்ளே இழுபட்டு மெலிந்த விழித்திரை கிழியும் வாய்ப்பும், கண் அழுத்த நோய் வரும் வாய்ப்பும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. வருடம் ஒருமுறை கண்மணியை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசிக் செய்ததைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மெலிந்த கருவிழியில் கண் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், டாக்டர் அதை நம்பிவிட்டால் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நாளைக்குப் புரை அறுவை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடவும் 2004க்கு முந்தைய அளவுகள் உதவும். செய்த இடத்தில் பழைய அறிக்கை இன்னும் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை இழுத்தமாதிரி மறைத்தாலோ, மருந்தகத்தில் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கேயும் முதல் வாக்கியத்திலேயே "எனக்கு 800 டிகிரி இருந்தது" என்று சொல்லிவிடுங்கள், கண்ணாடி இல்லாத முகத்தைப் பார்த்து யாருக்கும் அது தெரியாது.